கொம்பனுக்குப் பொட்டு வைத்த நாள்

அத்தியாயம் ஏழு

செத்துப்போனவர் வந்து வண்டியைத் தள்ளுகிறார் என்று ஒரு தோட்டமே சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த வண்டிக்குப் பின்னாலேயே போய் நில்லுங்கள் என்று சொல்கிற முதலாளி உலகத்தில் வேறு யாருக்காவது வாய்த்திருப்பாரா? விஜேந்திரனுக்கு வாய்த்திருந்தார்.

"பத்து நிமிஷம் நில்லுங்க விஜேந்திரன். வேற ஒண்ணும் செய்ய வாணாம்" என்றாள் அகீலா.

"கந்தப்பன் அண்ணன் பத்து செக்கன்தான் நின்னாரு மிஸ். அவரு நெலமை ஒங்களுக்கே தெரியும்."

"அவருக்குப் பின்னால செவரு இருந்திச்சு. ஒங்களுக்குப் பக்கத்துல கதவு இருக்கு. ஓடிரலாம்."

அகீலாவைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பதுளை கடைவீதியில் ஜௌபர் நானாவின் புடவைக்கடைக்கு மேல்மாடியில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. அதுதான் அவளுடைய துப்பறியும் அலுவலகம். அதற்கு முன்பு பதினொரு வருஷம் ஒரு காப்புறுதிக் கம்பனியில் விபத்துகளை விசாரிக்கிற உத்தியோகம். 'தவறி விழுந்தார்' என்று எழுதி வந்த அறிக்கைகளை வாசித்து வாசித்து, யாரும் சும்மா தவறி விழுவதில்லை என்ற முடிவுக்கு வந்த பெண்மணி. விஜேந்திரன் அவளுடைய ஓட்டோ சாரதி, உதவியாளர், கூடவே ஓயாத வாய். வயது நாற்பத்து மூன்று. ஹாலிஎல பக்கம் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். பொலிசுக்குப் பயப்பட மாட்டான், பாம்புக்குப் பயப்பட மாட்டான். பேய் என்று சொன்னால் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டு நகர்ந்து போகிற ரகம்.

அவன் நின்ற இடம், நமுனுகுல மலைச்சரிவில் வெள்ளைக்கல் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை. பொதி கட்டும் ஸ்டோர். பின்னேரம் மூன்று மணிக்கே மலையிலிருந்து பனி இறங்கி, திறந்த கதவு வழியாக உள்ளே வந்து மூட்டைகளுக்கு நடுவில் புகுந்துகொண்டிருந்தது. அவனுக்கு முன்னால் மஞ்சள் நிறத்தில் ஒரு ஃபோர்க்லிஃப்ட். முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இரும்புக் கரங்களால் மூட்டைகளை அடியோடு தூக்கி அடுக்கும் வண்டி. அந்தக் கரங்களைப் பார்த்துவிட்டு ஆட்கள் அதற்கு வைத்த பெயர் கொம்பன்.

பன்னிரண்டு நாளைக்கு முன்பு, ஆயுத பூசையன்று சாயந்தரம், இந்தக் கொம்பன் பின்னால் போய்க் கந்தப்பனைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. அதை ஓட்டுகிறவன் அஜந்தன், கந்தப்பனுடைய மனைவி ஜெயலெட்சுமியின் தம்பி. "நான்தான் ஓட்டினேன்" என்று பொலிசில் சொல்லிவிட்டு, அதற்கு மேல் ஒரு சொல்கூடப் பேசாமல் பதுளை ரிமாண்டில் உட்கார்ந்திருக்கிறான். திங்கட்கிழமை வழக்கு. கோட்டிலும் அதையே சொல்லப் போகிறானாம்.

போன புதன்கிழமை ஜெயலெட்சுமி மேல்மாடிப் படியேறி வந்தாள். அவள் அழுதபடி கேட்டது ஒன்றுதான். "ஏன் செஞ்சான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க மிஸ். ஆறு வயசுலருந்து நான் வளத்த புள்ள. மாமா மாமான்னு அவரு பின்னாலயே திரிஞ்சவன். பாக்கப் போனா மூஞ்சியத் திருப்பிக்கிறான். குடிச்சிருந்தானா, கோவமா, என்னன்னு தெரியணும். அது தெரியாம என்னால அவன வெறுக்கவும் முடியல, மன்னிக்கவும் முடியல." அன்றைக்கு அவளை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்ததிலிருந்து விஜேந்திரனுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

கொம்பன் கழுத்தில் பூசை மாலை காய்ந்து தொங்கியது. நெற்றியில் சந்தனமும் குங்குமமும் அப்படியே. அதைச் சுற்றி பொலிஸ் நாடா. பின் சக்கரங்களுக்கு அடியில் ஒவ்வொரு செங்கல் வைத்து நிறுத்தியிருந்தார்கள். பொலிஸ் பூட்டிவிட்டுப் போன பிறகும் வண்டி நகர்கிறது, கந்தப்பனைத் தேடுகிறது என்று சொல்லி, இந்த ஸ்டோருக்குள் ஒரு வாரமாக ஒரு ஆள்கூட வேலைக்கு வரவில்லை.

நாலாவது நிமிஷம் ஒரு சத்தம் கேட்டது. கிர்ர்ர் என்று, தொண்டையில் சளி கட்டிய மனுஷன் மூச்சு விடுகிற மாதிரி.

"மிஸ்..."

"நில்லுங்க."

காய்ந்த மாலை லேசாக ஆடியது. காற்று இல்லை. செங்கல் பொடியாகி உதிர்ந்தது. கொம்பன் ஒரு சாண் அவனைப் பார்த்து வந்தது.

"அய்யோ முருகா!" விஜேந்திரன் கதவுக்கு வெளியே இருந்தான். எப்படிப் போனான் என்று அவனுக்கே தெரியாது. "யாருமில்ல மிஸ்! சீட்டுல யாருமே இல்ல! நான் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்!"

அகீலா அவனைப் பார்க்கவே இல்லை. வண்டிக்குள் குனிந்து கை பிரேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது முழுசாக இழுத்துத்தான் போடப்பட்டிருந்தது.

"பிரேக் போட்டிருக்கு. ஆனா வண்டி போகுது. கொஞ்ச நேரம் புடிச்சிட்டு இருக்கும், பொறகு மெல்ல நழுவும். தண்ணி வடியிறதுக்காக தரையச் செவர் பக்கம் சரிவாக் கட்டியிருக்காங்க, பாருங்க." அவள் நிமிர்ந்தாள். "இதான் விஜேந்திரன் ஒங்க பேய்."

பேய் இல்லை என்று தெரிந்தால் மனுஷனுக்கு நெஞ்சு ஆற வேண்டும். அவனுக்கு ஆறவில்லை. தானாக உருளுகிற வண்டிக்கு, ஓட்டினேன் என்று ஒருத்தன் எதற்காகச் சொன்னான்?

தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் தன் அறையில் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். சிரித்த முகம். அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே விஜேந்திரனுக்குப் பிடிக்கவில்லை.

"பிரேக்கா? பிரேக்கெல்லாம் நல்லா இருக்கு மேடம். அவன் பூசை நாளும் அதுவுமா குடிச்சிட்டு, வெளையாட்டுக்கு ஓட்டிப் பாத்திருக்கான். அவனே ஒத்துக்கிட்டானே!"

"சாவி எங்க?"

"பூசையில இருந்திச்சு. எடுத்து ஓட்டிட்டுத் திருப்பி வச்சிருப்பான். பொலிஸ் அத என் பொறுப்புல விட்டுட்டுப் போயிட்டாங்க. வச்சது வச்ச மாதிரி இருக்கு, ஒருத்தரும் தொடல்ல." மேசை லாச்சியைத் திறந்து ஒரு கடிதவுறையை எடுத்து நீட்டினார்.

"வேற சாவி இல்லயா?"

"ஒண்ணே ஒண்ணுதான். பழைய வண்டியா வாங்கினது."

அகீலா சாவியை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். பிறகு விஜேந்திரனிடம் கொடுத்தாள். "நீங்க பூசை வைக்கிற ஆள். இதப் பாத்தா என்ன தெரியுது?"

தோட்டத்தில் ஆயுத பூசைக்கு ஸ்பேனர், கத்தி, சல்லடை, சாவி என்று வேலைக்குப் பாவிக்கிற சாமானையெல்லாம் கழுவி, சந்தனம் தடவி, பொட்டு வைத்து சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்குவார்கள். மறுநாள் பூசை முடிகிறவரைக்கும் யாரும் தொட மாட்டார்கள். அந்தச் சாவியிலும் சந்தனம் இருந்தது. பல்லுக்குப் பல் காய்ந்து, வெடித்து, நடுவில் குங்குமத்தோடு, பூசையன்று வைத்தபடியே இருந்தது.

"அடப் பாவி!" என்றான் விஜேந்திரன். "இது அந்த ஓட்டைக்குள்ள ஒரு தடவ போயிருந்தாலும் சந்தனத்த வழிச்சிக்கிட்டுல்ல வந்திருக்கும்! இந்தச் சாவி பூசையில வச்ச பொறகு எங்கயும் போகல்ல மிஸ். நம்ம ஐயாவோட சிரிப்பு மாதிரி, ஒட்டினது ஒட்டினபடியே இருக்கு."

டீமேக்கரின் சிரிப்பு அத்தோடு கழன்றது. "அப்ப வண்டி தானாவா போச்சு? சக்கரத்துக்குக் கட்டை போட்டா அது அசையாது மேடம். எந்த நேரமும் கட்டை போட்டுத்தானே நிப்பாட்டுறது!"

"பிரேக் நல்லா இருந்தா கட்டை எதுக்கு?"

டீமேக்கர் காலிக் கடிதவுறையை மடித்து மேசையில் வைத்தார்.

"சரி. அந்தக் கட்டை இப்ப எங்க?"

"தெரியாது" என்றார் அவர். இந்தத் தடவை உண்மையைத்தான் சொன்னார் என்று விஜேந்திரனுக்குப் பட்டது. "அன்னையிலருந்து காணல்ல. அதான் செங்கல் வச்சிருக்கோம்."

தேயிலை சலிக்கிற பகுதியில் தயானி என்று ஒரு பெண். பூசையன்று போனில் படம் எடுத்தவள் அவள்தான் என்று விசாரித்துக் கண்டுபிடித்தான் விஜேந்திரன். டீமேக்கரின் அறைக் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"பிரேக் நிக்கல்லன்னு அஜந்தன் மூணு தடவ சொல்லிட்டான் மிஸ். நான் பக்கத்துலதான் நின்னேன். 'கட்டையப் போட்டு ஓட்டு, கொழும்புலருந்து ஆள் வந்தா பாப்போம்'னு டீமேக்கர் ஐயா சொல்லி அனுப்பிட்டாரு. அதுக்குப் பொறகு கட்டை போடுறதுக்குன்னே கந்தப்பண்ணன நிப்பாட்டினாங்க. வண்டி நின்னா ஓடிப் போய் ரெண்டு சக்கரத்துக்கும் கட்டையச் சொருகுவாரு, கெளம்புனா எடுப்பாரு. அதான் அவரு வேலையே."

"அன்னைக்கு யார் ஓட்டினான்னு பாத்தீங்களா?"

"யாருமே பாக்கல்ல. எல்லாரும் முன்பக்கம் பொங்கல் சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம், ஸ்பீக்கர்ல பாட்டு ஓடுது. கந்தப்பண்ணன் மட்டும் ஸ்டோருக்குள்ள வண்டிக்குப் பின்னால ஒடைச்ச பூசணிக்காயப் பொறுக்கிக்கிட்டு இருந்தாரு. அலறல் கேட்டு ஓடினோம்." அவள் குரல் தணிந்தது. "அஜந்தன்தான் மொதல்ல வந்தான். ஆனா அவன் செஞ்சத நெனச்சா இப்பவும் வயிறு எரியுது மிஸ். மாமா அங்க கெடக்குறாரு, இவன் ஒரு நிமிஷம் பாத்திட்டு, சாமி படத்துக்கிட்ட ஓடினான். எதையோ வாரிக்கிட்டுப் போய் அடுப்புல போட்டான், தேயில காய வைக்கிற பெரிய அடுப்புல. பொறகுதான் திரும்பி வந்து மாமாவத் தூக்கினான். குடிவெறின்னு அன்னைக்கே பேசிக்கிட்டாங்க."

"என்னத்தப் போட்டான்?"

"பொகையில தெரியல்ல."

அகீலா போனை வாங்கி அந்தப் படத்தைப் பெரிதாக்கினாள். சரஸ்வதி படம், வாழைக்குருத்து, பொரி கடலை. முன்னால் வரிசையாகச் சாமான்கள். பின்னணியில் மாலையோடு கொம்பன், சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம். அவள் வெகுநேரம் பார்த்தாள். விஜேந்திரனால் வெகுநேரம் சும்மா இருக்க முடியாது. தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு வாயை விட்டான்.

"ஸ்பேனருக்குப் பொட்டு, சாவிக்குப் பொட்டு, சரி. கடைசியில பாருங்க மிஸ், ரெண்டு வெறகுக் கட்டைக்கும் மஞ்சள் பூசி, பொட்டு வச்சு, பூ சாத்தியிருக்காங்க. மாப்பிள்ள பொண்ணு மாதிரி சோடியா நிக்குது. முகூர்த்தம் எப்பவாம்?"

அகீலா திரும்பி அவனைப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கில் அவன் சிரிப்பு பாதியில் நின்றது. தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அப்போதுதான் அவனுக்கே உறைத்தது.

"தயானி" என்றாள் அகீலா, மெல்லமாக. "பூசைக்குச் சாமான் அடுக்கினது யாரு?"

"வருசா வருசம் அது ஜெயலெட்சுமி அக்காதானே. இங்க கூட்டுற வேல அவங்களுக்குத்தான். கழுவுறது, பொட்டு வைக்கிறது எல்லாம் அவங்க கையால."

ஓட்டோ லயத்துப் பாதையில் ஏறிக்கொண்டிருந்தது. பனியில் பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. விஜேந்திரன் பாதி வழியில் வண்டியை ஓரம் கட்டினான்.

"நான் போகல்ல மிஸ்."

"விஜேந்திரன்..."

"பேயாவே இருந்திருக்கலாம் மிஸ்! பேய்ன்னு சொல்லிருவோம். ஒரு பூசைய வச்சிட்டுப் போயிருவாங்க." அவன் பின்சீட் பக்கம் திரும்பினான். "அந்தப் பயல் மாமாவப் பாத்தான், சக்கரத்தப் பாத்தான், கட்டை இல்ல. திரும்பிப் பாத்தான், அது பொட்டோட சாமி முன்னால இருக்கு. ஒரே நிமிஷத்துல அவனுக்கு வெளங்கிருச்சு. அக்கா கண்ணுல அது படக்கூடாதுன்னுதானே அடுப்புல போட்டான். அவ கேக்கக் கூடாதுன்னுதானே நான் ஓட்டினேன்னு சொன்னான். மூஞ்சியத் திருப்பினதும் அதுக்குத்தான், பாத்தா சொல்லிருவோமோன்னு பயம். அவன் உசிரக் குடுத்து மூடி வச்சிருக்கான். நீங்க போய்த் தொறக்கப் போறீங்க."

அகீலா பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு மட்டும் ஆசையா? திங்கக்கிழம அவன் குத்தவாளி ஆயிருவான். இல்ல, நான் சாவியக் காட்டி, பிரேக்கக் காட்டி அவன வெளிய எடுத்தா, டீமேக்கர் அடுத்தது என்ன சொல்லுவாரு? கட்டை போடுற வேல கந்தப்பனோடது, அவருதான் போடாம விட்டாருன்னு சொல்லுவாரு. செத்தவர் மேல பழி போகும். இந்தப் பக்கம் தம்பி, அந்தப் பக்கம் புருசன். ரெண்டு பேருல யாரு மேல பழி விழணும்னு அவளுக்குத் தெரியாம நாமளா முடிவு பண்ணுறது?"

விஜேந்திரன் வண்டியைக் கிளப்பினான்.

ஜெயலெட்சுமி லயத்து வாசலிலேயே நின்றாள். உள்ளே கந்தப்பனின் படத்துக்கு முன்னால் ஒரு விளக்கு. இவர்களைக் கண்டதும் ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அகீலாவுக்கு இழுத்துப் போட்டாள்.

"எந்தம்பி ஏன் செஞ்சான்னு தெரிஞ்சிச்சா மிஸ்?"

"ஒங்க தம்பி ஓட்டல்ல லெட்சுமி. சாவிய யாருமே எடுக்கல்ல. வண்டி தானா உருண்டிச்சு."

அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை விஜேந்திரன் பார்த்தான். பார்க்காமலே இருந்திருக்கலாம். அவள் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, "மாரியாத்தா, மாரியாத்தா" என்று முணுமுணுத்தாள். "நெனச்சேன் மிஸ். எம்புள்ள செய்ய மாட்டான்னு உள்ளுக்குள்ள சொல்லிக்கிட்டே இருந்திச்சு. அப்ப ஏன் அந்தப் பொய்யச் சொன்னான்?"

அகீலா நாற்காலியில் உட்காரவில்லை. அவளையும் உட்கார வைத்து, பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தயானியின் போனிலிருந்து வாங்கி வந்த படத்தைக் காட்டினாள்.

"இந்தக் கட்டை ரெண்டையும் பூசையில வச்சது யாரு?"

"நான்தான்." அவள் குரலில் ஒரு பெருமை வந்தது. "வருசா வருசம் ஸ்பேனருக்கு வைக்கிறாங்க, சாவிக்கு வைக்கிறாங்க. எம்புருசன் கையில இருக்குற சாமானுக்கு யாரு மிஸ் ஒரு பொட்டு வச்சா? கேட்டா வேணாம்னு சொல்லுவாரு. அதனால நாலு மணிக்கு அவரு தண்ணி எடுக்கப் போன நேரம் பாத்து உருவி எடுத்துக் கழுவி, மஞ்சள் பூசி... பாத்தா சந்தோசப்படுவாருன்னு... பிரேக்தான் போட்டிருக்கே, நாளைக்கு வரைக்கும் யாரு வண்டிய எடுக்கப் போறான்னு, கட்டை இருந்த எடத்துல எலுமிச்சம்பழத்த..."

அவள் நிறுத்தினாள்.

அவள் படத்தைப் பார்த்தாள். தன் வலது கையைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

பிறகு அந்தக் கையாலேயே தலையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். "இந்தக் கையாலதானே! அய்யோ, இந்தக் கையாலதானே வச்சேன்!" அகீலா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். விஜேந்திரன் வாசலை மறித்து நின்று, ஒண்ணுமில்லை, போங்க, போங்க என்று அவர்களைத் திருப்பி அனுப்பினான். அவன் கண்ணில் வழிந்ததைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. பேய்க்குப் பயந்த நாளெல்லாம் அவனுக்கு இப்போது விளையாட்டாகத் தெரிந்தது.

வெகுநேரம் கழித்து அவள் குரல் வந்தது. அடித்தொண்டையிலிருந்து.

"கட்டை இருந்திருந்தா அவரு இருந்திருப்பாரா மிஸ்?"

பொய் சொல்லுங்கள் மிஸ், இந்த ஒரு தடவை மட்டும், என்று விஜேந்திரன் மனசுக்குள் கெஞ்சினான்.

"இருந்திருப்பாரு" என்றாள் அகீலா. "பிரேக் இருந்திருந்தாலும் இருந்திருப்பாரு லெட்சுமி. நீங்க ஒரு நாள்தான் கட்டைய எடுத்தீங்க, அதுவும் தெரியாம. அது நிக்காதுன்னு தெரிஞ்சும் மாசக்கணக்கா ஒரு மனுசன அதுக்குப் பின்னால ஓட விட்டவரு கீழ கம்பளிச் சட்டை போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு."

ஜெயலெட்சுமி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "எந்தம்பிக்குத் தெரியுமா, நான்தான்னு?"

"தெரியும். தெரிஞ்சதாலதான் சொன்னான்."

"அதான் என்னயப் பாக்கல்லயா?"

"அதான்."

அவள் எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு, கந்தப்பனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றாள்.

"திங்கக்கிழம பிரேக்கப் பத்தி நீங்க சொல்லுங்க மிஸ்" என்றாள். "கட்டையப் பத்தி நான் சொல்றேன்."

விஜேந்திரனுக்குப் பொறுக்கவில்லை. "தங்கச்சி, தோட்டமே அங்க வந்து நிக்கும். அத்தன பேரு முன்னாலயும் ஒன் வாயால..."

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"செய்யாதத அவன் சொல்றான்லண்ணே" என்றாள். "செஞ்சத நான் சொல்லக் கூடாதா?"